பெயர்தல்

தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் பசலைக்கீரை என்றார். இறைச்சியை மென்றுகொண்டிருக்கும்போது மறுபடி கேட்டார்கள். முதலில் உருளைக்கிழங்கு, பிறகு குதிரைமுள்ளங்கி என்றார். எதிரே இருந்த டாக்டர் தட்டில் இருந்ததையும் எழுதிக்கொண்டார், வாயில் வந்ததையும் எழுதிக்கொண்டார். இது நடந்தது 1901 நவம்பர் 26 அன்று, ஃபிராங்ஃபர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில். மருத்துவ வரலாற்றில் இத்தனை பேர் திரும்பத் திரும்பப் படித்த மதியச் சாப்பாடு இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

டாக்டருடைய பெயர் இன்று நம்மூர் மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். அந்த அம்மாளின் பெயர் அகுஸ்தே டேட்டர். பிறந்தது காஸெல் நகரில், 1850இல். வயது 51. கணவர் கார்ல் ரயில்வேயில் எழுத்தர், ஒரே மகள். 1901 வசந்தம்வரை குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். திடீரென்று ஒரு நாள் கணவருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தொடர்பு என்று பேசத் தொடங்கினார். பிறகு சமையல் கெட்டது. சாமான்களை எடுத்து எங்கெங்கோ ஒளித்துவைத்தார். வீட்டுக்குள்ளேயே காரணமில்லாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். நவம்பர் 25ஆம் தேதி கணவர் கூட்டிவந்து சேர்த்தார். சந்தேகம் முதலில் வந்தது, மறதி பிறகு வந்தது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். பர்ஸ் எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும் முன்பே அதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது உறுதியாகிவிடும்.

அந்த மருத்துவமனையை ஊரார் பைத்தியக்காரர் கோட்டை என்றார்கள். கூரான கோபுரங்களோடு கோதிக் பாணியில் எழுப்பிய கட்டடம், 1864இல் திறந்தது. அதற்காக ஊரெல்லாம் பணம் திரட்டியவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற மருத்துவர். நகம் வெட்டாமல் தலை சீவாமல் நிற்கும் சிறுவனைப் பற்றிய 'ஷ்ட்ரூவெல்பேட்டர்' என்ற குழந்தைகள் புத்தகத்தை எழுதியவரும் அவரே. திறந்த அதே ஆண்டு பவேரியாவின் மார்க்ட்பிரைட்டில் அலோயிஸ் அல்சைமர் பிறந்தார். 24 வயதில் இங்கே உதவி மருத்துவராக வந்து சேர்ந்தார். நோயாளிகளைக் கட்டிப்போடுவதை விட்டுவிட்டு வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் உட்காரவைத்து அமைதிப்படுத்தும் முறையை அப்போதைய தலைவர் எமில் ஸியோலி கொண்டுவந்திருந்தார். அல்சைமருக்குப் பகலில் நோயாளிகள், இரவில் நுண்ணோக்கி. கூட இருந்த நண்பர் ஃபிரான்ஸ் நிஸ்ல். நரம்புச் செல்களைச் சாயமேற்றிப் பார்க்கும் அவருடைய முறை இன்றும் ஆய்வகங்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது. 1901 பிப்ரவரியில் அல்சைமரின் மனைவி ஸெஸிலி இறந்துபோனார். மூன்று குழந்தைகள். ஒன்பது மாதம் கழித்து, மனைவியை இழந்த அந்த மனிதர், ஒரு பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்து உங்கள் கணவர் பெயர் என்ன என்று கேட்டார்.

அதற்கு முன்னால் கேட்டது அவருடைய சொந்தப் பெயரை. அகுஸ்தே என்றார். குடும்பப் பெயர்? அதற்கும் அகுஸ்தே. கணவர் பெயர்? அகுஸ்தே என்று நினைப்பதாகச் சொன்னார். உங்கள் கணவர் பெயர் என்று அழுத்திக் கேட்டதும், ஓ, கணவரா என்றார். கேள்வியே புரியாதவர் போலப் பார்த்தார் என்று டாக்டர் குறித்திருக்கிறார். திருமணம் ஆனவரா என்றால், ஆம், அகுஸ்தேயோடு. இங்கே வந்து எத்தனை நாளாயிற்று? யோசித்துவிட்டு மூன்று வாரம் என்றார். வந்தது முந்தைய நாள்.

பிறகு பொருள்களைக் காட்டினார். பென்சிலைப் பேனா என்று சொல்லிவிட்டார். பணப்பை, சாவி, நாட்குறிப்பு, சுருட்டு ஆகியவற்றைச் சரியாகச் சொன்னார். அந்த அம்மாளின் மருத்துவக் கோப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பரிசோதனைக்கென்று தனியாக வாங்கிவைத்த பொருள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் காலத்து ஆண் ஒருவரின் கோட்டுப் பையைக் கவிழ்த்தால் என்ன விழுமோ அதுதான் இருக்கிறது. அல்சைமர் ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர். பின்னாளில் மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் பாடம் சொல்லும்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டுச் சுருட்டை மறந்து வைத்துவிட்டுப் போவார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மறதியை ஆராய்ந்தவரின் மறதி அது. காட்டியவற்றை எடுத்து மறைத்துவிட்டு என்னென்ன பார்த்தீர்கள் என்றால் அந்த அம்மாளுக்கு ஒன்றும் நினைவில்லை. பனி என்ன நிறம் என்றால் வெள்ளை, புகைக்கரி கறுப்பு, வானம் நீலம், புல்வெளி பச்சை. உலகத்தின் நிறமெல்லாம் தெரிந்தவருக்கு இரண்டு நிமிடத்துக்கு முன் பார்த்த சாவி தெரியவில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள்? சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான் என்ன கேட்டேன்? இது ஃபிராங்ஃபர்ட் என்றார். ஆறு முட்டை, ஒன்று இன்ன விலை, மொத்தம் எவ்வளவு என்றதற்கு அவர் தந்த விடை ஓர் எண் அல்ல. 'வேறு மாதிரி' என்பது போன்ற ஒரு சொல்.

எழுதச் சொன்னார். திருமதி அகுஸ்தே டி என்று எழுத வேண்டும். திருமதி என்பதை எழுதத் தொடங்கியதும் மீதி போய்விட்டது. ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அந்தக் காகிதமும் கோப்பில் இருக்கிறது. தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னது அந்த நாட்களில்தான். இன்று உலகமெங்கும் மறதிநோய் பற்றிய கூட்டங்களில் அந்த வாக்கியத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டுத் தொங்கவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அந்த முட்டைக் கணக்கின் விடை பெரிதாகப் படுகிறது. தொலைத்துவிட்டேன் என்று சொல்லத் தெரிகிறவர் இன்னும் முழுக்கத் தொலைந்துபோகவில்லை. வேறு மாதிரி என்று சொல்கிறவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பது நமக்குப் பிடிபடுவதில்லை.

இதை எழுதும்போது என் தாய்மாமாவை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போன நாள் நினைவுக்கு வருகிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மருத்துவர் நல்ல இளைஞர். கையில் அச்சிட்ட படிவம். முப்பது மதிப்பெண்ணுக்கான அந்தக் கேள்விகள் 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகமெல்லாம் சுற்றி, கொஞ்சம் உருமாறி நம்மூருக்கும் வந்தவை. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். மாமா ஏழு ஏழாக மளமளவென்று இறங்கி இரண்டில் வந்து நின்றார். போதும் என்று மருத்துவர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அடுத்து, “ஐயா, இப்ப முதலமைச்சர் யாருங்க?” என்றார் மருத்துவர். “யாரா இருந்தா என்ன தம்பி, ஏழரை பஸ்சு எட்டேகாலுக்குத்தான் வருது” என்றார் மாமா. மருத்துவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். படிவத்தில் அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பதிலை எழுதிவைக்கப் படிவத்தில் இடமில்லை. மாமாவுக்குப் பெயர் மறந்துபோயிருந்ததா, இல்லை அது ஒரு வாத்தியாரின் சாமர்த்தியமான தப்பித்தலா என்பது அந்தச் சுழியத்துக்குள் என்றைக்குமாகப் புதைந்துவிட்டது. அகுஸ்தேயின் கேஸ் ஷீட்டில் அப்படிப் புதைந்துபோனது குறைவு. சரியா தவறா என்று முடிவுகட்டும் முன்பே, அவர் சொன்னதைச் சொன்னபடி அல்சைமர் எழுதிவிட்டார்.

1903இல் அவர் ஃபிராங்ஃபர்ட்டை விட்டுப் போனார். முதலில் ஹைடல்பெர்க், பிறகு மனநல மருத்துவப் பேராசிரியர் எமில் கிரெப்பெலினோடு மியூனிக். அங்கே ஆய்வகம் நடத்தினார். தொடக்க ஆண்டுகளில் சம்பளமில்லை. ஸெஸிலியின் முதல் கணவர் வைர வியாபாரி. அவரிடமிருந்து ஸெஸிலிக்கும், ஸெஸிலியிடமிருந்து இவருக்கும் வந்த பணத்தில் வேலை நடந்தது. மூளையைப் பற்றிய நம் அறிவில் வைரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிவைக்கலாம். அகுஸ்தே ஃபிராங்ஃபர்ட்டிலேயே கிடந்தார். பேச்சு குறைந்து, முனகலாகி, அதுவும் போயிற்று. கால்களை மடக்கிச் சுருண்டு படுத்தார். படுக்கைப் புண்ணில் நஞ்சேறி 1906 ஏப்ரல் 8 அன்று இறந்தார். தகவல் மியூனிக் போனது. கேஸ் ஷீட்டும் மூளையும் அங்கே போய்ச் சேர்ந்தன.

மூளை சுருங்கியிருந்தது. மெல்லிய சீவல்களாக வெட்டி வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தார்கள். பெர்லினில் மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் செம்மைப்படுத்தியிருந்த முறை அது. நரம்பிழைகளின் மேல் வெள்ளி படிந்து கறுக்கும். மூளையின் மேலுறையான புறணியின் செல்களில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, உள்ளிருக்கும் நுண்ணிழைகள் தடித்து முறுக்கி முடிச்சுப் போட்டுக்கிடந்தன. சில இடங்களில் செல்லே அழிந்துபோய் அந்த முடிச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. வீடு இடிந்தபின் நிற்கும் கதவுச் சட்டம் போல. செல்களுக்கு வெளியே, புறணி முழுக்க, தினையளவு பொட்டுகளாக ஏதோ ஒரு பொருள் படிந்திருந்தது. அகுஸ்தேயின் புகைப்படம் ஒன்று இருக்கிறது, 1902 நவம்பரில் எடுத்தது. வெள்ளை உடுப்பு, அவிழ்ந்து தொங்கும் கருமுடி, முழங்காலைக் கட்டிய கைகள், நம்மைப் பார்க்காத கண்கள். அந்தக் காலத்துப் புகைப்படமும் வெள்ளி உப்பு கறுப்பதால் உண்டாவதுதான். முகத்தை நிறுத்திவைத்ததும் வெள்ளி, அந்த முகத்துக்குப் பின்னே நடந்ததைக் காட்டிக்கொடுத்ததும் வெள்ளி.

1906 நவம்பர் 3 அன்று டூபிங்கனில் தென்மேற்கு ஜெர்மனியின் மனநல மருத்துவர்கள் கூடினார்கள். அல்சைமர் பேசினார். பேசி முடித்ததும் தலைமை வகித்த ஆல்ஃபிரெட் ஹோஹே கேள்விகள் உண்டா என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைய கூட்டத்தின் சூடெல்லாம் உளப்பகுப்பாய்வு பற்றிய உரைகளுக்குத்தான். இந்த மௌனத்தை ஏதோ பெரிய அநியாயம் போலச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிய நோய் ஒன்று, ஒரே ஒரு நோயாளி, காரணம் தெரியாது, மருந்தும் இல்லை. நாம் அங்கே இருந்திருந்தால் நாமும் மணி பார்த்திருப்போம். மறு ஆண்டு இரண்டு பக்கம் போல ஒரு சிறு கட்டுரை அச்சானது. அதில் அகுஸ்தேக்குப் பெயரில்லை. 51 வயதான ஒரு பெண் என்று தொடங்குகிறது.

பெயர் வந்தது 1910இல், டாக்டருக்கு. கிரெப்பெலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இதை அல்சைமர் நோய் என்று எழுதினார். எழுதிய கையோடு, இதன் மருத்துவப் பொருள் இன்னும் தெளியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஏன் இத்தனை அவசரம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மியூனிக்குக்கும் பிராகாவுக்கும் இருந்த போட்டி என்பார்கள் சிலர். பிராகாவில் ஓஸ்கர் ஃபிஷர் என்பவர் அதே 1907இல் முதுமைப் புத்தி மயக்கம் கொண்ட 16 பேரின் மூளையைப் பார்த்து, 12 பேரிடம் அந்தப் பொட்டுகளைக் கண்டு விரிவாக எழுதியிருந்தார். ஒரு நோயாளிக்கு எதிரே பதினாறு. ஃபிஷர் யூதர். 1941இல் நாஜி போலீஸான கெஸ்டபோ கைதுசெய்தது. மறு ஆண்டு தெரேஸியன்ஷ்டாட் சிறைக்கோட்டையில் இறந்தார். அவர் பெயரை நரம்பியல்காரர்களே சமீப காலத்தில்தான் மறுபடி உச்சரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னொருவர் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர். லைபீரியாவில் பிறந்த கறுப்பினத்தவர். பாஸ்டனில் மருத்துவம் படித்து, மியூனிக்கில் அல்சைமரிடம் வேலை கற்று, அமெரிக்கா திரும்பி இந்நோய் பற்றி எழுதிய முன்னோடி. நோய்க்குப் பெயர் வைத்த மேசையில் அவருக்கு இருக்கை இருந்திருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அல்சைமரும் இந்தப் பெருமையைத் துள்ளிப்போய் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1911இல் யோஹான் எஃப். என்ற இரண்டாவது நோயாளியைப் பற்றி எழுதும்போது, இது தனி நோய்தானா, முதுமையில் வருவதே சிலருக்கு முந்தி வருகிறதா என்று அவரே தயங்குகிறார். அந்த யோஹானின் மூளையில் பொட்டுகள் இருந்தன, முடிச்சுகள் இல்லை. தம் பெயருள்ள நோய்க்குத் தாமே ஐயம் எழுப்பியவர் 1915 டிசம்பரில் பிரெஸ்லாவில் இறந்தார். வயது 51. அகுஸ்தே மருத்துவமனைக்குள் நுழைந்த அதே வயது.

நம் மொழியில் இதற்கு நெடுநாள் நோய்ப்பெயர் இல்லை, வினைகள்தான் இருந்தன. நெனப்பு தப்பிப்போச்சு என்போம். நாகர்கோவில் பக்கம் ஓர்மை இல்லை என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அறளை பெயர்தல் என்ற அருமையான சொல் உண்டு. பெயர்தல் என்றால் இருந்த இடம்விட்டு நகர்தல், கழன்றுவருதல். சுவரில் காரை பெயர்வது போல. ஒருவரை அழைக்கும் பெயரும் அதே எழுத்துகளில் இருக்கிறது என்பது தமிழின் தற்செயல். அகுஸ்தே கோப்பைப் படித்தபின் அதைத் தற்செயல் என்று மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. அவரிடம் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றைப் பெயர், கணவர், குடும்பம் என்று எல்லா இடத்துக்கும் பெயர்ந்து பெயர்ந்து போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த வினைகளில் எல்லாம் ஒரு சௌகரியம் இருந்தது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். மேற்கிலும் அதே கதைதான். அல்சைமர் நோய் என்றால் அறுபத்தைந்துக்குள் வருகிற அபூர்வம். கிழவர்களுக்கு வருவது வெறும் கிழத்தனம். இங்கிலாந்தின் நியூகாஸிலில் 1960களில் இறந்துபோன முதியோரின் மூளைகளை எண்ணிப் பார்த்தவர்கள் அதே பொட்டையும் முடிச்சையும் கண்டார்கள். 1976இல் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறு தலையங்கத்தில் அந்த அறுபத்தைந்து என்ற கோட்டை அழித்தார். இரண்டும் ஒன்றே என்றார். ஓர் அபூர்வ நோய், ஒரே தலையங்கத்தில், பெருங்கொல்லிகளில் ஒன்றாகிவிட்டது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மறதிநோய்களோடு வாழ்பவர்கள் ஐந்தரைக் கோடிக்கும் மேல். அதில் பெரும்பகுதி இந்த நோய். கோட்டை அழித்ததில் பணம் வந்தது, ஆய்வு வந்தது. முதுமை முழுவதையும் நோயாகப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. இந்த இரண்டாவதைப் பற்றி நமக்குக் கவலை போதவில்லை என்பது என் எண்ணம்.

இத்தனை நடந்தபோதும் மூல ஆவணம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோதிக் கோட்டையை 1920களில் இடித்துவிட்டார்கள். அங்கே ஐ.ஜி. ஃபார்பன் ரசாயன நிறுவனத்தின் மாபெரும் தலைமையகம் எழுந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படை அதில் குடியேறியது, இப்போது பல்கலைக்கழகம். 1995 டிசம்பர் 21 அன்று, ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழக மனநலத் துறையில் கொன்ராட் மவுரரும் கூட்டாளிகளும் ஒரு நீல அட்டைக் கோப்பைக் கண்டெடுத்தார்கள். 32 தாள்கள். பழைய ஜெர்மன் கூட்டெழுத்து. இன்றைய ஜெர்மானியருக்கே எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய கையெழுத்து. காலிஃபிளவரும் சுருட்டும் முட்டைக் கணக்கும் தொண்ணூறு ஆண்டு கழித்து வெளியே வந்தது அப்படித்தான். 51 வயதுப் பெண்ணுக்குப் பெயரும் முகமும் கிடைத்தன. பெயர் வெளியானது முறைதானா என்ற கேள்வியும் உண்டு. 1953இல் வலிப்புக்காக மூளையின் இருபுறமும் ஒரு பகுதியை அகற்றியதில் புது நினைவே தங்காமல் போன ஹென்றி மொலாய்சன் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஹெச்.எம். என்ற இரண்டெழுத்தாகவே ஆய்வுகளில் வாழ்ந்தார். 2008இல் இறந்த பிறகே பெயர் வந்தது. நமக்குத் தகப்பன் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கும். அவர்களுக்கு ஆளே சுருங்கிப்போனார். மறைப்பது மரியாதை என்பது உண்மைதான். ஆனால் தன் பெயரைச் சொல்ல அத்தனை பாடுபட்ட ஒருத்தியின் பெயர் எழுதப்படாமலே கிடந்தது என்பதும் உறுத்துகிறது.

கோப்பு கிடைத்ததும் தொடர்ந்து வந்தது சந்தேகம். 1996 வாக்கில் சிலர் கேட்டார்கள்: அகுஸ்தேக்கு உண்மையில் அல்சைமர் நோய்தானா? ரத்தக்குழாய் தடித்ததால் வந்த புத்தி மயக்கமாக இருக்கலாமே? வேறொரு பரம்பரை நோயாக இருக்கலாமே? கேலி போலத் தெரிந்தாலும் நியாயமான கேள்வி. பதில் மியூனிக்கின் ஒரு கிடங்கில் இருந்தது. மானுவேல் கிரேபர் என்ற நரம்பு நோயியலாளர் 1997இல் யோஹானின் ஸ்லைடுகளையும், அடுத்து அகுஸ்தேயின் ஸ்லைடுகளையும் கண்டுபிடித்தார். அகுஸ்தேக்கு மட்டும் 250க்கும் மேல். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அல்சைமர் எழுதியது அப்படியே இருந்தது. பொட்டுகள், முடிச்சுகள். வழக்கு முடிந்தது.

முழுக்க முடியவில்லை. 2013இல் அந்தக் கண்ணாடிச் சில்லுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்த ஒரு குழு, இளவயதில் நோயைக் கொண்டுவரும் ப்ரெஸெனிலின்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று அறிவித்தது. மறு ஆண்டே இன்னொரு குழு, தேடிப் பார்த்தோம், இல்லை என்றது. ஐம்பது வயதில் ஏன் அவருக்கு வந்தது என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்தும் அதே சீவலை எடுத்து வைத்து இரு தரப்பும் வாதாட முடிகிறது என்பதே எனக்கு வியப்பு. மாற்றுக் கட்சிக்காரன் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போன ஆவணம் அது.

எல்லா ஆவணமும் அப்படி இருப்பதில்லை. அந்தத் தினையளவுப் பொட்டின் பொருள் என்ன என்பதை 1984இல் ஜார்ஜ் க்ளென்னரும் கெய்ன் வாங்கும் கண்டுபிடித்தார்கள்: அமிலாய்டு பீட்டா என்ற சிறு புரதம். முடிச்சு டாவ் என்ற இன்னொரு புரதம் என்பது அடுத்த ஓரிரு ஆண்டில் தெரிந்தது. அங்கிருந்து பெரும்படை அமிலாய்டின் பக்கம் போயிற்று. 2006இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமிலாய்டின் குறிப்பிட்ட ஒரு திரள்தான் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. 2022இல் படங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள், புரதப் பட்டைகள் வெட்டி ஒட்டியவை போலிருப்பதைச் சொன்னார்கள். 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அமிலாய்டுக் கொள்கையே இதோடு சரிந்துவிட்டது என்று சிலர் குதூகலித்தது தவறு; அதற்கு மரபியலின் ஆதாரம் வேறு பக்கம் கனமாக இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப் என்ற மருந்து அமிலாய்டைக் குறிவைத்ததுதான். சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, நிறுத்துவதில்லை. என் மனதில் ஓடுவது வேறொன்று. அந்தப் படங்களில் தேவையில்லாத எதுவும் இல்லை. எழுதியவர்கள் சொல்ல வந்ததை மட்டும், சொல்ல வந்த அளவுக்கு, படங்கள் சொல்லின. காலிஃபிளவருக்கு அதில் இடமில்லை.

1901இல் அல்சைமருக்கும் ஒரு கொள்கை இருந்தது. மூளையில் கண்ணுக்குத் தெரியும் காரணம் உண்டு என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். ஆனால் அந்தக் கொள்கைக்குப் பசலைக்கீரையால் ஒரு பயனும் இல்லை. எழுதச் சொன்னபோது புத்தகத்தை அகுஸ்தே எப்படிப் பிடித்துக்கொண்டார் என்பதும், பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் நுண்ணோக்கியில் தெரியப்போவதில்லை. எழுதினார். பயம், பயம் என்று அகுஸ்தே சொல்லிக்கொண்டிருந்ததை எழுதினார். இன்றைய நரம்பியலாளர்கள் அந்தப் பதில்களில் மொழிச் சிதைவைப் படிக்கிறார்கள், பார்வைப்புல இழப்பை ஊகிக்கிறார்கள், ஒரே சொல்லில் மாட்டிக்கொள்ளும் தேய்ந்த இசைத்தட்டுத் தன்மையைக் காண்கிறார்கள். எழுதியவரும் இவற்றில் சிலவற்றை அப்போதே குறித்திருக்கிறார். ஆனால் அடுத்தவர் வந்து படித்துக்கொள்வார் என்று நினைத்திருக்க மாட்டார். மதியம் சாப்பாட்டு வேளையில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த முதல் நாள் குறிப்பில், சாப்பாட்டுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் நடுவே, ஒரு வரி வருகிறது. காட்டிய பொருள்களை மறந்துபோகிறார் என்று சொல்லிவிட்டு, இடையிடையே இரட்டையர் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார் என்கிறார். நான் படித்த பகுதிகளில் அதற்கு விளக்கம் இல்லை. அகுஸ்தேக்கு ஒரே மகள்தான். யார் வீட்டு இரட்டையர், இருக்கிறார்களா, இறந்தார்களா, பிறக்கவே இல்லையா? டாக்டர் கேட்டாரா, கேட்டும் அகுஸ்தே என்ற பதில்தான் வந்ததா? அடுத்த வரியில் அவர் காகிதத்தையும் எழுதுகோலையும் நீட்டி, பெயரை எழுதச் சொல்கிறார்.